நாரைகள் நகர்த்திய நடுக்கோடு

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள்.

ஓர் உப்பங்கழியில் எதிரெதிரே இரண்டு திட்டுகள். ஒன்றில் நண்டுகள், மற்றதில் நாரைகள். இரண்டு கரைக்கும் நடுவே உள்ள தண்ணீரை அளந்து, ஆளுக்குப் பாதி என்று வைத்திருந்தார்கள். நடுக்கோட்டை ஒட்டி, நண்டுகளின் பாதியில் ஒரு பாசிப்படுகை. நண்டுக் குஞ்சுகளுக்கு அதுதான் சோறு.

கடல் ஏறத் தொடங்கியது. நண்டுத் திட்டு தாழ்வானது. கரை இருபதடி உள்ளே போய்விட்டது.

மறுநாளே பெரிய நாரை பாசிப்படுகையில் வந்து நின்றது.

"அண்ணே, இது எங்க இடம்!" என்றது தாய் நண்டு.

"இருந்துச்சு தங்கச்சி, இருந்துச்சு! உன் கரை பின்னால போச்சு, நடுக்கோடும் கூடவே போச்சு. நானா நகர்த்தினேன்? சட்டம் நகர்த்துது!"

"குஞ்சுங்க எதைத் தின்னும்?"

"அடடா! சட்டத்துல குஞ்சுகளைப் பத்தி ஒண்ணும் இல்லையே!"

வழக்கு ஆமையாரிடம் போனது. ஆமையார் பெரிய அறிவாளி. அதாவது, ரொம்ப மெதுவாகப் பேசுவார். நாரைகள் மரியாதைக்குக் கொடுத்த இறாலை மென்று முடித்துவிட்டு, "கரை நகர்ந்தால் கோடும் நகரும்" என்றார். நீதி வென்றது என்று நாரைகள் சிறகடித்தன.

நண்டுகள் பசியோடு ஒரு வேலை செய்தன. மிதந்து வந்த, அலையாத்தி என்கிற கண்டல் மரத்தின் விதைகளை இழுத்துவந்து கரை நெடுக ஊன்றின. நாரைகளோ தங்கள் கண்டல் மரங்களை ஒடித்து ஒடித்துக் கூடு கட்டின. "நம்ம திட்டு மேடு! கடலாவது, ஏறுறதாவது!"

மூன்று மழைக்காலம் போனது. நண்டுகளின் செடிகள் வேர்விட்டுச் சேற்றைப் பிடித்தன. போன கரை திரும்பியது. கடல் இன்னும் ஏறியது. நாரைத் திட்டில் மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. கரை அறுபதடி கரைந்தது. நடுக்கோடு பாசிப்படுகையைத் தாண்டி, நாரைகள் மீன் பிடிக்கும் மடுவையும் தாண்டிப் போய் நின்றது.

"அநியாயம்! பழைய கோடுதான் கோடு! கடல் ஏறினா நாங்க என்ன செய்வோம்?" என்று கத்தியது பெரிய நாரை.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமே பிழைச்சிருப்போம் அண்ணே!" என்றது தாய் நண்டு.

ஆமையார் தீர்ப்பை மாற்றவில்லை. எழுதியதை மாற்றினால் நீதி கெட்டுவிடுமாம்!

அடுத்தவர் கஷ்டத்தில் எல்லையை நகர்த்தியவர், தமக்குக் கஷ்டம் வரும்போது பழைய எல்லையைக் கேட்க முடியாது. இப்படி ஒரு நாரை எங்கள் தெருவிலும் உண்டு, பெயரைக்கூடச் சொல்லிவிடுவேன், அது நம்ம...

உள்ளேயிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள்: "பூங்கோதை! பிள்ளை எழுந்துட்டான் பாரு!"