அரசரைப் படுத்திய இரண்டு சொற்கள்

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு இங்கிலீஷ் படிக்கும் ஆசை வந்தது. அன்றோடு அரண்மனையின் நிம்மதி போயிற்று.

வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் பாடம் நடத்தினார். பத்தாம் நாள் 'ஹியர்' என்றொரு சொல் வந்தது. கேட்பது என்று அர்த்தம். மறுநாள் 'லிசன்' வந்தது. அதற்கும் கேட்பது என்றே அர்த்தம். ஆனால் அரசர் ஒன்றைச் சொன்னால் வாத்தியார் மற்றதைச் சொல்லித் திருத்தினார். மாற்றிச் சொன்னால் அதையும் திருத்தினார். நான்கு நாள் பொறுத்த அரசர், ஏட்டை வீசிவிட்டு வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு சபைக்கு வந்தார்.

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? யாராவது சொல்லித் தொலையுங்கள்."

அமைச்சர் ஆபத்சகாயருக்கு விகடகவி தாண்டவனைக் கண்டாலே ஆகாது. "பிரபு, தாண்டவனுக்குத் தெரியாதது ஏது? அவனே சொல்லட்டும்" என்றார்.

"நல்லது. தாண்டவா, மதியச் சாப்பாட்டுக்குள் எனக்கு விளங்க வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போய்விடு."

தாண்டவனுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. அமைச்சரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தான். அங்கே பூவாயி என்ற குடியானவப் பெண் காவலனோடு மல்லுக்கு நின்றாள்.

"இருபது நாளா அமைச்சர்கிட்ட சொல்றேன். சரி சரிங்கிறாரு. ஒண்ணும் நடக்கல."

அவள் குறையை முழுதும் கேட்ட தாண்டவன், அவளைச் சபைக்கு அழைத்து வந்தான்.

"அமைச்சரே, இந்த அம்மாள் பேசியது உங்களுக்குக் கேட்டதா?"

"இருபது நாளும் கேட்டது. நான் என்ன செவிடனா?"

"என்ன சொன்னாள்?"

"ஏதோ... மாடு காணவில்லை என்று."

பூவாயி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏரி மதகு உடைஞ்சு கிடக்கு சாமி. நட்ட வயலெல்லாம் முழுகிப்போச்சு. மாட்டைப் பத்தி நான் எப்பச் சொன்னேன்?"

தாண்டவன் அரசரை வணங்கினான். "பிரபு, அமைச்சருக்குக் கேட்டது. அமைச்சர் கேட்கவில்லை. இதில் எதற்கு எந்தச் சொல் என்பதை வாத்தியார்தான் சொல்ல வேண்டும்."

வாத்தியார் துள்ளி எழுந்தார். "அவருக்குக் கேட்டது ஹியர். அவர் கேட்காதது லிசன்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"ஆபத்சகாயரே, மதகு கட்டி முடியும்வரை நீர் ஏரிக்கரையிலேயே இருந்து பூவாயி சொல்வதைக் கேளும். நான் சொல்வது ஹியர் இல்லை, லிசன்."