வலி என்று பாடிய சபை

ஓடைக்குறிச்சிக்கு மெதடிஸ்து சபை வந்து பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மண்சுவர், கீற்றுக் கூரை, பதினாறு குடும்பம். போதகரை அந்தக் காலத்தில் ஐயர் என்பார்கள். சுவிசேஷமுத்து ஐயருக்கு இருபது ஊர்ச் சபை. மாட்டு வண்டியில் சுற்றிக்கொண்டு மாதம் ஒரு ஞாயிறுதான் இங்கே வருவார். மற்ற நாளெல்லாம் சபையைப் பார்த்துக்கொண்டது அவரிடம் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த உபதேசியார் ஞானாபரணம்.

அந்த மாதம் ஐயர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஞானாபரணம் ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயரே, சபை பாட மாட்டேங்குது."

"ஏன்?"

"நான்தான் கெடுத்துட்டேன். 'நீரே என் வழி'ங்கிற பாட்டை இவங்க 'நீரே என் வலி'ன்னு பாடுறாங்க. வயலுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டா சுத்தமா வழின்னு சொல்றவங்க, பாட்டுல மட்டும் வலிங்கிறாங்க! ஆண்டவரைப் பார்த்து நீர்தான் எனக்குத் தலைவலின்னு சொல்ற மாதிரி இருக்கு. திருத்தினேன். மூணு ஞாயிறா ஒருத்தரும் வாயே திறக்கல. நான் ஒண்டியாப் பாடிட்டு உட்கார்றேன். என்ன செய்யட்டும்?"

ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஆராதனை தொடங்கியது. ஐயர் எழுந்து தொண்டையைச் செருமினார். "நீரே என் வலி" என்று கணீரென்று எடுத்தார்.

ஞானாபரணத்துக்குப் பகீரென்றது. அடுத்த அடியைச் சபை எடுத்துக்கொண்டது. ஆண், பெண், பிள்ளைகள் எல்லாருமாகப் பாடினார்கள். மூன்று வாரமாக அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் ஏங்கிக் கிடந்தார். கண் கலங்கிவிட்டது. அவரும் சேர்ந்து பாடினார். வலி வந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் ரூத்தம்மாளைக் கூப்பிட்டார். நடவுக்குப் போகிறவள். வாராவாரம் வீட்டில் கூடி ஜெபிக்கிற வகுப்புக் கூட்டத்தை நடத்துவதும் அவள்தான்.

"இந்தப் பாட்டை யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"முதமுதல்ல வந்த வெள்ளைக்காரப் பாதிரியாருங்க. காலரா கண்டப்ப சொந்தக்காரனே எட்டி நின்னான். அவருதான் கஞ்சி ஊத்தி, பக்கத்துல உக்காந்து பாடுனாரு. அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நாக்கு பொரளாது, பாவம்."

"அவரு வழின்னுதான் சொல்றாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னங்கய்யா? அன்னிக்கே வெளங்கிருச்சு. அவரும் அந்தக் காலராவுலயே போய்ச் சேந்துட்டாரு. அவரு மாதிரி பாடுனாதான் அவரு கூட இருக்கிற மாதிரி இருக்கு."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் சொன்னது ஞானாபரணத்துக்குப் புரிந்தது. ஆனாலும் படித்த மனசு கேட்கவில்லை.

"எல்லாம் சரி, ஐயரே. ஆனா ஆண்டவர் காதுல வலின்னுதானே விழும்?"

ஐயர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எழுத்து வாசனையே இல்லாத இவங்களுக்கு, அந்தப் பாதிரியார் சொன்னது வழின்னு விளங்கியிருக்கு. ஆண்டவருக்கு விளங்காதா?"