காட்டாற்றில் கிடந்த அடிக்கற்கள்

வெகு காலத்துக்கு முன்னால் பொன்விளை நாட்டை உத்தண்டராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அடிக்கல் நாட்டுவதில் அவனுக்கு அப்படியொரு ஆசை. கல்லில் தன் பெயரையும் பட்டங்களையும் வெட்டி, மேளதாளத்தோடு விழா நடத்திவிட்டால் காரியமே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான்.

நாட்டின் கடைக்கோடியில் மஞ்சணி மலை இருந்தது. அங்கே தேனும் சாமையும் பலாவும் கொட்டிக் கிடந்தன. குறுக்கே ஓடிய காட்டாற்றைத் தாண்டிச் சந்தைக்குக் கொண்டுவரத்தான் வழியில்லை. மலையை முன்னேற்றச் சொல்லி தாண்டவராயரைத் திட்ட அதிகாரியாகப் போட்டான் ராஜா. அவரும் வருஷா வருஷம் ஒரு திட்டம் போடுவார். சத்திரம் என்பார், சந்தை மண்டபம் என்பார், குதிரை லாயம்கூட என்பார். விழா அரண்மனை வாசலிலேயே நடக்கும். கல் மட்டும் மாட்டு வண்டியில் போய் ஆற்றங்கரையில் இறங்கும். அதோடு திட்டம் தூங்கிவிடும். தாண்டவராயர் அந்த மலைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

ஒருநாள் மலைப்பக்கம் போய்வந்த காவலர்கள் சொன்னதைக் கேட்டு அவர் சபைக்குள் குதித்துக்கொண்டு வந்தார். பின்னால் காவலர்கள் மாதி என்ற மலைக்காரியை இழுத்துவந்தார்கள்.

"அநியாயம் மகாராஜா! தங்கள் திருப்பெயர் பொறித்த அடிக்கற்களைக் காட்டாற்றில் வரிசையாகப் போட்டு, இந்த ஜனங்கள் மிதித்து நடக்கிறார்கள். போடச் சொன்னது இவள்தான்!"

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பெயரையா மிதித்தாய்?"

"மிதிச்சோம் சாமி," என்றாள் மாதி. "தலைச்சுமையோட வந்த ரெண்டு பேரை ஆறு இழுத்துட்டுப் போச்சு. கல்லுங்க கரையில சும்மாதானே கிடந்துச்சு."

"எழுத்தைக் கவிழ்த்தாவது போட்டிருக்கக் கூடாதா?"

"அந்தப் பக்கம் வழுக்குது சாமி. எழுத்து வெட்டுன பக்கந்தான் கால் நிக்குது. பட்டம் நிறைய இருக்கிற கல்லுன்னா இன்னும் நல்லா நிக்குது."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"ராஜாவின் பெயரை மிதித்த கால் உடம்பில் இருக்கக் கூடாது. அதுதான் சட்டம்!" என்று கத்தினார் தாண்டவராயர்.

"அப்படியே ஆகட்டும்," என்று சொல்லிவிட்டான் ராஜா. மாதி ஆடிப்போனாள். பாவம், அவள் என்ன தப்பு செய்தாள்?

அப்போது மந்திரி கூத்தபிரான் எழுந்தார். அவரைக் கண்டாலே தாண்டவராயருக்கு வயிறு எரியும்.

"சட்டம் சரிதான் மகாராஜா. ஆனால் கல்லில் இருப்பது தங்கள் பெயர்தானா என்று பார்க்காமலே காலை எடுத்துவிட்டால் ஊர் சிரிக்குமே. ஒருதரம் நேரில் போய்ப் பார்த்துவிடலாம்."

பல்லக்குகள் புறப்பட்டன. காவலர்கள் மாதியையும் கூட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். கரடுமுரடான வழியில் குலுங்கிக் குலுங்கி ராஜாவுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. ஆற்றங்கரையில் இறங்கியதும் கூத்தபிரான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. கிட்டப் போய்ப் படித்துச் சொல்ல யாராவது உண்டா?"

"ஏன், நான் இல்லையா?" தாண்டவராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "இதோ இருக்கிறது, உத்தண்டராயன்! இதிலும் இருக்கிறது! இதிலும்!" கல்லுக்குக் கல் தாவி, அக்கரையில் ஏறி நின்று கையை ஆட்டினார். "எல்லாக் கல்லிலும் இருக்கிறது மகாராஜா!"

"ரொம்ப சந்தோஷம்," என்றார் கூத்தபிரான். "அத்தனை கல்லையும் மிதித்த கால்கள் அதோ அக்கரையில் நிற்கின்றன. முதலில் யார் காலை எடுக்கலாம் மகாராஜா?"

தாண்டவராயர் அக்கரையிலிருந்தே பெரிய கும்பிடாகப் போட்டார். "ஐயோ மகாராஜா! வேறு வழியில்லாமல்தான் மிதித்தேன். கல் இல்லாமல் இந்த ஆற்றை எப்படித் தாண்டுவது?"

"நானும் அதைத்தானே சாமி சொன்னேன்," என்றாள் மாதி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. "இத்தனை வருஷம் கல்லாக அனுப்பினேன். அதில் ஒரு உபகாரம் நடந்ததென்றால் இவளால்தான்," என்று மாதியை விடுவித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான்.

அக்கரையில் தாண்டவராயர் மெதுவாக ஒரு காலைக் கல்லின்மேல் வைத்தார்.

"நில்லும்!" என்றான் ராஜா. "மறுபடியும் என் பெயரை மிதிப்பீரா? அங்கேயே இருந்து பாலம் கட்டி, அதன்மேல் நடந்து வாரும். எங்கே கட்டுவது என்று மாதி சொல்வாள்."

"அடிக்கல் விழா எப்போது மகாராஜா?" பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"விழாவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆட்கள் நாளைக்கே வருவார்கள்."

அந்த நாட்டில் அவ்வளவு சீக்கிரம் ஒரு பாலம் எழும்பியதை யாரும் பார்த்ததில்லை. தாண்டவராயரே மண் சுமந்தாராம். வேலை முடிந்த அன்று தேனும் சாமையும் பலாவும் சுமந்துகொண்டு மலை ஜனங்கள் அக்கரையில் திரண்டு நின்றார்கள். அவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு, பாலத்தின் மேல் முதல் ஆளாக இக்கரைக்கு ஓடிவந்தது தாண்டவராயர்தான்.