பொங்காத பதநீர்

உடன்குடிக்குத் தெற்கே, பனங்காட்டுக்குள் ஒரு சின்ன மடம். அங்கே குருவாக இருந்த பெண்ணை எல்லோரும் சாமியம்மா என்பார்கள், வயது நாற்பதுதான். சீடர் சிவனணைஞ்சானுக்கோ அறுபது தாண்டிவிட்டது.

சிவனணைஞ்சான் மடத்துக்கு வந்த காரணம் ஊருக்கே தெரியும். மகள் பூரணவல்லி தானே ஒருவனைத் தேடிக்கொண்டாள். கல்யாண வாசலில் நின்று சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லிவிட்டு வெளியேறியவர்தான், மூன்று வருடமாக மகள் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது அவளே கடிதம் போட்டிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தாள்.

கடிதம் வந்து நாற்பது நாளாகிறது. பிரித்துப் பிரித்துப் படித்து மடிப்பே கிழிந்துவிட்டது. கிளம்பத்தான் கால் வரவில்லை.

"போகணும்னு உசுரு துடிக்குதும்மா. ஆனா மாப்பிள்ளையப் பாத்ததும் பழையபடி பொங்கிட்டேன்னா?"

சாமியம்மா அண்டாவை அடுப்பில் ஏற்றினார். அன்றைக்குக் கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு விறகு பொறுக்கப் போய்விட்டார்.

சூடு கண்ட பூனை அல்லவா. நுரை எழும்பும்போதெல்லாம் சிவனணைஞ்சான் எரிகிற பனைமட்டையை வெளியே இழுத்தார். அடங்கியதும் உள்ளே தள்ளினார். மறுபடி எழும்பியது, மறுபடி இழுத்தார். நடுநடுவே கண் பஸ் ரோட்டுக்குப் போய் வந்தது. பேத்தி யார் ஜாடையில் இருப்பாளோ என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் சாமியம்மா திரும்பி வந்து அகப்பையால் அள்ளிப் பார்த்தார். காலையில் ஊற்றியது போலவே தண்ணீராக ஓடியது.

"ஒரு சொட்டுகூடப் பொங்க விடலம்மா," என்றார் சிவனணைஞ்சான், கொஞ்சம் பெருமையாகவே.

சாமியம்மா மட்டைகளை உள்ளே தள்ளினார். நுரை அண்டாவின் விளிம்பைத் தொட்டது. சீடரின் கை பதறிக்கொண்டு மட்டைக்குப் போனது. சாமியம்மா அதைப் பிடித்து நிறுத்தினார். ஆமணக்கு முத்து இரண்டை நசுக்கி நுரையில் போட்டார். நுரை அப்படியே உட்கார்ந்தது. அடியில் தீ குறையாமல் எரிந்தது.

"மறுபடி எழும்புமே?"

"எழும்பும். மறுபடி ரெண்டு போடணும்."

பொழுது சாயும்போது பாகு பதத்துக்கு வந்தது. தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டார்கள்.

மறுநாள் காலை, ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியை வைத்துக் கட்டிக் கொடுத்தார் சாமியம்மா. பேத்தியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்றார். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. சிவனணைஞ்சான் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அங்க போயி பொங்கிட்டேன்னாம்மா?"

"பொங்கத்தான் செய்யும். மட்டைய மட்டும் வெளிய இழுத்துராதீங்க."