முப்பது ரூபாய் வெங்காயம்

புளியம்பொட்டல்காரர்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அநியாயம். மூளை இருக்கிறது. எடுத்தால் செலவாகிவிடுமே என்று எடுக்காமல் வைத்திருக்கிறோம். விலைவாசி அப்படி.

அன்றைக்கு ஒச்சப்பன் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வெங்காய சாம்பார் இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டாராம். வீட்டில் ஒரு வெங்காயம் கிடையாது.

"வெங்காயம் இல்லாம இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது, ஆமா!" என்று பையைக் கையில் திணித்தாள் பெண்டாட்டி பவளம். "கிலோ முப்பதுதானாம். இப்பத்தான் டிவியில சொன்னான்."

கடை அண்ணாச்சி தொண்ணூறு என்றார்.

"டிவியில முப்பதுன்னு சொன்னாங்களே, அண்ணாச்சி?"

"அப்படியா? அந்த டிவியை இங்க வந்து சொல்லச் சொல்லு."

நியாயமான பேச்சு. ஒச்சப்பன் திரும்பிப் போய், வாசப்படியை மிதிக்காமல் ஜன்னல் வழியாகவே டிவியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கூட்டாளி காத்தமுத்து ரிமோட்டை ஏந்திக்கொண்டு பின்னாலேயே வந்தார். டிவியை அண்ணாச்சிக்கு எதிரே, உப்பு மூட்டை மேல் உட்கார வைத்தார்கள்.

"சொல்லு சாமி. பயப்படாம சொல்லு," என்றார் ஒச்சப்பன்.

காத்தமுத்து எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். டிவி மூச்சு விடவில்லை.

"பாத்தியா மச்சான்," என்றார் காத்தமுத்து. "வீட்டுக்குள்ள அந்தக் கத்து கத்துச்சு. அண்ணாச்சி மூஞ்சியப் பாத்ததும் வாயடைச்சுப் போச்சு. பொய்க்காரப் பய டிவி!"

டிவி மேல் இருந்த நம்பிக்கை அத்தோடு போயிற்று. அதை வீட்டில் விட்டுவிட்டு வந்து, அரசாங்கத்தையே கேட்டுவிடலாம் என்று புகார் எண்ணுக்குப் போன் போட்டார்கள். தேன் தடவின குரல் ஒன்று பேசியது: "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து வரிசையில் காத்திருக்கவும்."

சொல்வது அரசாங்கமாயிற்றே! போனை உப்பு மூட்டை மேல் வைத்துவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒச்சப்பன் முதலிலும் காத்தமுத்து அடுத்துமாக வரிசையில் நின்றார்கள். போனுக்குள் வீணை வாசித்தது.

"விலையைக் கேட்டா வீணை வாசிக்குது," என்றார் காத்தமுத்து.

"சும்மா இருய்யா. யோசிக்குது போல."

வரிசையைக் கண்டால் நம் ஊரில் யார் சும்மா போவார்கள்? பின்னால் ஒருவர் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் ஒருவர். என்னத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் இடம் போய்விடும். வரிசை நீண்டு பஸ் ஸ்டாப்பைத் தாண்டியது.

அந்த வழியாகப் போன டிவிக்காரப் பெண் வேனை நிறுத்தி, மைக்கை ஒச்சப்பன் வாயருகே நீட்டினாள்.

"எதுக்குங்க நிக்கிறீங்க?"

"வெங்காயத்துக்கு."

"கிலோ என்ன விலை?"

"முப்பதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க!"

அவள் சட்டென்று கேமரா பக்கம் திரும்பி, மூச்சு விடாமல் பொழிந்தாள்: "ஆம் நேயர்களே! நமது தொலைக்காட்சி முதன்முதலில் தெரிவித்த முப்பது ரூபாய் விலை தற்போது பொதுமக்களாலேயே உறுதி செய்யப்பட்டிருக்கிறது!"

வேன் போயிற்று. கொஞ்ச நேரத்தில் போனில் சார்ஜ் தீர்ந்து வீணையும் நின்றது.

"அரசாங்கம் கண்ண மூடிருச்சு மச்சான்," என்று காத்தமுத்து துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டார். "இனிமே டிவி, அரசாங்கம் ரெண்டையும் நம்பப்படாது." ஊரே சத்தியம் செய்துவிட்டுக் கலைந்தது.

ஒச்சப்பன் வெறும் பையோடு வீடு வந்தார். வாசப்படியை மிதிக்க முடியாதே, ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. வரிசை தெரிந்தது. முதல் ஆளாக ஒச்சப்பன்!

"ஏங்க!" என்று கூவினாள் பவளம். "கியூவுல நீங்கதான் முதல்ல நிக்கிறீங்க!"

ஒச்சப்பன் உற்றுப் பார்த்தார். அதே சட்டை, அதே பை. டிவியை நம்பாமல் இருந்துவிடலாம். தன்னைத் தானே நம்பாமல் எப்படி இருப்பது? கண் கலங்கிவிட்டது.

"அடுப்பைப் பத்தவை பவளம். வாங்கிட்டு வந்துருவேன்."

எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. சம்பந்தி வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தவர் இறங்கி வந்து கும்பிட்டார்.

"பொண்ணுக்கு அப்பா எங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"வெங்காயம் வாங்கப் போயிருக்காருங்க. உள்ள போய் உக்காருங்க, டிவியில அவரைத்தான் காட்டுறாங்க."

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். "அடேயப்பா, எவ்வளவு கூட்டம்! நல்ல பொறுமைசாலிதான்."

"ஆமாங்க," என்றார் ஒச்சப்பன் ஜன்னலுக்கு வெளியே இருந்து, பெருமை தாங்காமல். "நானா இருந்தா எப்பவோ வீட்டுக்குத் திரும்பி வந்திருப்பேன்."