ஹெல்மெட் போடாத மீசை

மீன் விற்கும் சடையாண்டியின் வீட்டுக்கு, ஹெல்மெட் போடவில்லையென்று சிக்னல் கேமரா போன வாரம் எடுத்த போட்டோவோடு அபராதச் சீட்டு வந்து குதித்தது. ஸ்டேஷனுக்கு ஓடினான்.

"ஓட்டினது நான் இல்லீங்கய்யா!"

"வாயாலே வடை சுடாதே. கோர்ட்டுக்கு அலை, இல்லேன்னா எழுதிக் கொடு," என்று மீசையை முறுக்கினார் இன்ஸ்பெக்டர் துரைசிங்கம்.

எழுதிக் கொடுத்தான். எந்த மனுவையும் படிக்காமலே சீல் குத்துவது அவர் வழக்கம். இதற்கும் குத்தி, நகலைத் தந்தார்.

"ஒருதரம் படிச்சிருங்கய்யா. இந்த நகல் கமிஷனர் ஆபீசுக்குப் போகுது."

படித்தார்.

'என் வண்டியை நீங்கள் பறிமுதல் செய்து மூன்று மாதமாகிறது. ரசீது இணைத்துள்ளேன். போட்டோவில் ஓட்டுகிறவரின் மீசை நன்றாகத் தெரிகிறது. ஹெல்மெட் போட்டிருந்தால், ஐயா, உங்களை அடையாளமே தெரிந்திருக்காது.'