திரும்பி ஓடிய சுருள்

“இன்னைக்குச் சாயங்காலம் நான் மேடை ஏற மாட்டேன், டீச்சர்.”

சொன்னவர் நாச்சியப்பன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாட்டுக் கற்க வந்தவர். டீச்சர் பத்மாசனிக்கு அவருடைய மகள் வயது.

அவர் குரல் கேட்டதும், வழக்கம்போல, சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பத்மாசனியின் மாமியார்.

“பாருங்க. உங்க மாமியாருக்கே என் பாட்டு ஆகலை.”

“போன வருஷம் பாடினீங்களே, சார்.”

“பாடினேன். கடைசி அடியில பிசகிட்டேன். அதோட காது அடைச்சுப்போச்சு. எப்படி மேடையை விட்டு இறங்கினேன்னே தெரியலை.”

“நான் பதிவு செஞ்சு குடுத்த ஸ்பூல்?”

“தினமும் கேக்கறேன். அந்தப் பிசகு வந்ததும் நிறுத்திடுவேன்.”

துணிப்பையிலிருந்து ஸ்பூலை, அந்த ஒலிநாடாச் சுருளை, எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இனிமே எனக்கு வேண்டாம்.”

பத்மாசனி அதை டேப்ரிக்கார்டரில் மாட்டினாள். கடைசிவரை வேகமாக ஓட்டினாள். நிறைந்த சக்கரத்தைக் கழற்றி அப்படியே இடப்பக்கம் வைத்தாள்.

“டீச்சர், தலைகீழா மாட்டிட்டீங்க. கடைசியிலேர்ந்து பின்னாடி ஓடும்.”

“கேளுங்க.”

முதலில் வெறும் இரைச்சல்.

பிறகு ஒருவர் கைதட்டினார். ஒருவர் மட்டும்.

அப்புறம் இன்னொருவர். நாலைந்து பேர். மண்டபம் முழுதும், தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டதுபோல.

“யாருக்கு இது?”

பத்மாசனி சத்தத்தைக் கூட்டினாள்.

மழை சட்டென்று நின்றது. பாட்டு வந்தது. எந்த ஊரிலும் பேசாத மொழி. மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் முதலில் ரீங்கரித்தது, அப்புறம் விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு நுழைந்தது.

நாச்சியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சுருள் ஓடி முடிந்தது.

“பிசகு எங்கே வந்தது, சார்?”

“அடடா. கவனிக்கலையே!”

ஓய்ந்த சக்கரத்தை விரலால் ஒருமுறை சுற்றினார்.

“முதல்ல ஒருத்தர் தனியாத் தட்டினாரே, டீச்சர். யார் அது?”

“முதல்ல இல்லை, சார். எல்லாரும் நிறுத்தின அப்புறமும் நிறுத்தாதவங்க.”

சமையலறைக் கதவு திறந்தது. பட்டுப்புடவை கட்டி, கையில் விசிறியோடு மாமியார் நின்றார்.

நாச்சியப்பன் எழுந்துவிட்டார்.

“நீங்களா? அப்போ... தினமும் கதவைச் சாத்தறது?”

“உங்க பாட்டு காதுல விழுந்தா குழம்பு அடிபிடிச்சுடுது. கிளம்புங்க, முன்வரிசை நிரம்பிடும்.”